ஏரியில் மீன் எவ்வளவு? எதிரொலிக் கருவியா, வலையா: வடஆற்காட்டு நீர்நிலைகளுக்கு ஓர் ஒப்பீடு

வடஆற்காட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் கேட்கிற கேள்விதான் இங்கே ஏரி ஏலம் நெருங்கும்போதும் எழுகிறது: தண்ணீருக்குள் மீன் எவ்வளவு இருக்கிறது? குத்தகைக்கு எந்தத் தொகை வரை போகலாம் என்று மீனவர் கூட்டுறவு சங்கம் கணக்குப் போடுகிறது. இன்னும் எத்தனை குஞ்சு விடலாம் என்று அலுவலர் யோசிக்கிறார். முதுகலை மாணவருக்கு ஆய்வேட்டில் போட ஓர் எண் வேண்டும். மூவரிடமும் யாராவது ஒருவர் வந்து, “கப்பலில் வைக்கிற மாதிரி ஒரு எக்கோ சவுண்டர் வாங்கினால் வேலை முடிந்தது” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

முடியாது. நீருக்குள் ஒலியை அனுப்பி, மீனில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதியும் அந்தக் கருவி சில இடங்களில் வலையைவிட நன்றாகப் பார்க்கும், சில இடங்களில் குருடு. எது எங்கே என்பதைத் தண்ணீரின் ஆழமும் அங்கிருக்கும் மீன் இனமும்தான் தீர்மானிக்கின்றன. கருவியின் விலைக்கு அதில் பங்கு கிடையாது. பழைய வடஆற்காடு மாவட்டத்து நீர்நிலைகள் மூன்றை வைத்து இதைப் பார்க்கலாம்: தென்பெண்ணையில் சாத்தனூர் அணை, கவுண்டன்யா ஆற்றில் மோர்தானா அணை, பாலாற்று நீர் வந்து சேரும் காவேரிப்பாக்கம் ஏரி. மாவட்டப் பிரிவினையில் இன்று மூன்றும் மூன்று மாவட்டத்தில் இருக்கின்றன. மீனுக்கு அது தெரியாது.

கடலில் ஏன் இரண்டையும் வைத்திருக்கிறார்கள்

நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், முட்டையிட வந்த காட் மீன் கூட்டங்களின் எதிரொலிப் பதிவுகளை 1935இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு ஒலியால் மீனைக் கணக்கெடுப்பது தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. இந்தியாவில் 1984இல் வந்த சாகர் சம்பதா கப்பல் எதிரொலிக் கருவி, இழுவை மடி (கப்பலுக்குப் பின்னால் இழுக்கும் பை வலை) இரண்டையும் சுமந்துதான் கடலுக்குப் போனது. 1946இல் தொடங்கி இன்று இந்திய மீன்வள ஆய்வு நிறுவனமாக இருக்கும் அமைப்பின் கப்பல்களும் மடியை விட்டுவிடவில்லை.

காரணம் எளியது. ஒலி மீனின் சதையில் பட்டுத் திரும்புவது சொற்பம். காற்றுப்பை உள்ள மீனில் எதிரொலியின் 90 விழுக்காட்டுக்கு மேல் அந்தப் பையிலிருந்தே வருகிறது. அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்குக் காற்றுப்பை இல்லை, ஹெர்ரிங்குக்கு உண்டு. இரண்டும் ஒரே எடையில் கப்பலுக்கு அடியில் இருந்தாலும் திரையில் ஒரே அளவாகத் தெரியாது. திரையில் தெரிவது என்ன மீன், என்ன நீளம் என்று உறுதி செய்ய வேண்டுமானால் மடி போட்டுத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

மடிக்கு வேறு குறை. 3 நாட் வேகத்தில் அரை மணி நேரம் இழுத்தால் 1.5 கடல் மைல், அதாவது சுமார் 2.8 கிலோமீட்டர். மடியின் வாய் 15 மீட்டர் விரிந்திருந்தால் வாரிய பரப்பு ஏறக்குறைய 4 ஹெக்டேர். கிடைத்த மீனை அந்தப் பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஓர் எண் வரும். மடியின் மேல்கயிற்றுக்கு மேலே நீந்தியது, அடிக்கயிற்றுக்குக் கீழே நழுவியது, இன்ஜின் சத்தம் கேட்டு விலகியது எதுவும் அந்த எண்ணில் இருக்காது. எதிரொலிக் கருவிக்கோ தரையை ஒட்டிய மீன் தெரியாது. கிழக்கு பேரிங் கடலில் போலாக் மீன் தரையிலும் நடுநீரிலும் பரவிக் கிடப்பதால், ஒரே இனத்துக்கு அடிமடி ஆய்வு தனியாகவும் எதிரொலி ஆய்வு தனியாகவும் நடத்துகிறார்கள். ஒன்றின் குருட்டிடத்தை இன்னொன்று பார்க்கும்.

இதே குருட்டிடங்கள் ஏரியிலும் உண்டு, கடலைவிடப் பெரிதாக.

கருவி ஏரியில் உண்மையில் எவ்வளவு தண்ணீரைப் பார்க்கிறது

இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் கருவிக்குப் பணம் கட்டக் கூடாது. 120 கிலோஹெர்ட்ஸ், 7 டிகிரி கற்றை உள்ள டிரான்ஸ்டியூசரை (ஒலியை விட்டு எதிரொலியை வாங்கும் பாகம்) படகின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முகத்திலிருந்து முதல் ஒரு மீட்டரில் ஒலிக்கற்றை ஒழுங்காக உருவாகியிருக்காது. அந்தப் பகுதியில் வரும் எதிரொலியை எண்ணக் கூடாது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டரையும் விட்டுவிட வேண்டும். தரையின் எதிரொலி அங்கே மீனை விழுங்கிவிடும்.

காவேரிப்பாக்கம் ஏரி சுமார் 4,000 ஏக்கர், கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றரை டி.எம்.சி. அதாவது 1,600 ஹெக்டேர் பரப்பில் சுமார் 4.2 கோடி கன மீட்டர் நீர். வகுத்துப் பாருங்கள்: முழுதாக நிரம்பிய நாளிலும் சராசரி ஆழம் 2.6 மீட்டர்தான். மேலே 1.3 மீட்டரும் கீழே 30 சென்டிமீட்டரும் போனால் கருவிக்கு மிஞ்சுவது ஒரு மீட்டர் தடிமன். அந்த ஆழத்தில் கற்றையின் அகலம் 12 முதல் 25 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் படகு ஓட்டினால் பார்க்கும் நீர் 180 கன மீட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினைந்தில் வரும் தண்ணீர், அவ்வளவுதான்.

எவ்வளவு தூரம் ஓட்டுவது என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. நீர்ப்பரப்பின் வர்க்கமூலத்தைப் போல் குறைந்தது 3 மடங்கு, முடிந்தால் 6 மடங்கு நீளம் ஓட வேண்டும். 16 சதுர கிலோமீட்டருக்கு வர்க்கமூலம் 4, ஆக 24 கிலோமீட்டர். ஆறு மடங்கு ஓடினால் மதிப்பீட்டின் தடுமாற்றம் 20 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பது கடல் ஆய்வுகளில் கண்ட அனுபவம். காவேரிப்பாக்கத்தில் அந்த 24 கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தாலும் பார்த்த நீர் 4,300 கன மீட்டர்தான். ஏரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது அதே கருவியைச் சாத்தனூருக்குக் கொண்டுபோங்கள். முழு மட்டம் 119 அடி. அணைச்சுவரை ஒட்டிய ஆழமான பகுதியில் 20 மீட்டர் நீர் நிற்கும்போது, ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் கருவி பார்ப்பது சுமார் 23,000 கன மீட்டர். காவேரிப்பாக்கத்தைப் போல் 120 மடங்குக்கு மேல். கற்றை கூம்பு வடிவம் என்பதால் ஆழம் கூடக் கூட, பார்க்கும் நீர் ஆழத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கருவி ஆழத்துக்கான சாமான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனமும் சேர்ந்து கெடுக்கிறது. நம் ஏரிகளில் விடப்படும் மூன்று கெண்டைகளில் கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில், மிர்கால் சேற்றை ஒட்டி. மேலே 1.3 மீட்டரும் கீழே 30 சென்டிமீட்டரும் தெரியாத கருவியால் ரோகுவைத்தான் ஓரளவு எண்ண முடியும். புல்லும் பாசியும் மண்டிய ஓரத்தில் பதுங்கும் விராலும், கரையோரப் பள்ளங்களில் கூடு கட்டும் ஜிலேபிக் கெண்டையும் அதன் கணக்கிலேயே வராது. ஏரியின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஓரத்து மீன்களிடம் இருக்கும்போது நடுநீரை எண்ணி என்ன பயன்?

டிரான்ஸ்டியூசரைப் படுக்கவைத்து, கிடைமட்டமாக ஒலி விட்டால் மேல்நீர் தெரியுமே என்பார்கள். தெரியும். ஆனால் 2.6 மீட்டர் ஆழத்தில் 7 டிகிரி கற்றை 21 மீட்டர் தொலைவுக்குள் மேலே நீர்ப்பரப்பையும் கீழே தரையையும் தொட்டுவிடும். காற்றடித்து அலை எழுந்தால் அந்த 21 மீட்டரும் பாழ். போதாக்குறைக்கு, பக்கவாட்டில் நிற்கும் மீனும் தலையைக் காட்டி நிற்கும் மீனும் பல டெசிபெல் வித்தியாசமாக ஒலிக்கும். அளவுக் கணக்கு அங்கே ஆட்டம் காணும்.

கருவி எடுத்துப் போனால் எங்கே இடறும்

சாத்தனூர் போன்ற இடத்துக்குக் கருவிதான் என்று முடிவு செய்தாலும் சில இடறல்கள் உண்டு. எல்லாமே எண்ணை இரட்டிப்பாக்கவோ பாதியாக்கவோ வல்லவை.

அளவுத்திருத்தம் முதலில். 38.1 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கார்பைடு குண்டை மெல்லிய தங்கூஸ் நரம்பில் கட்டி, டிரான்ஸ்டியூசருக்கு நேர்க்கீழே 5 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் தொங்கவிட வேண்டும். அதன் எதிரொலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்த எண். கருவி காட்டுவதை அதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். குண்டை இறக்கும் முன் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுங்கள். ஒட்டிக்கொள்ளும் சிறு காற்றுக்குமிழ்கூட அளவைக் கெடுக்கும். 3 டெசிபெல் தவறினால் மீன் தொகை இரட்டிப்பாகிவிடும். ஆழமில்லாத ஏரியில் இந்த வேலையையே செய்ய முடியாது. ஊர்க்கிணற்றில் செய்யலாமே என்று தோன்றும். கிணற்றுச் சுவர் பக்கவாட்டு ஒலியைத் திருப்பி அனுப்பிக் குழப்பும். நீர் நிறைந்த அகலமான கல்குவாரி பரவாயில்லை.

அடுத்தது கருவியின் அமைப்பு. கடலுக்கென்று தயாரித்த கருவியில் உப்புநீர் அமைப்பு முன்னிருப்பாக இருக்கும். 120 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கடல்நீர் நன்னீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் உறிஞ்சுகிறது. அந்த இழப்பைக் கருவி தானாகவே ஈடுகட்டும். நன்னீரில் இல்லாத இழப்பை ஈடுகட்டினால் 20 மீட்டர் ஆழத்து மீன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகத் தெரியும். ஒலி வேகத்தில் அவ்வளவு ஆபத்து இல்லை. 25 டிகிரி நன்னீரில் நொடிக்கு 1,497 மீட்டர், 30 டிகிரியில் 1,509. வெப்பமானியை ஒருமுறை இறக்கிப் பார்த்து எண்ணைக் கொடுத்தால் போதும்.

மீனைத் தனித்தனியாக எண்ண வேண்டுமானால் கருவி விடும் ஒலித்துடிப்பு குறுகியதாக இருக்க வேண்டும். 0.256 மில்லிநொடித் துடிப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக 19 சென்டிமீட்டருக்குள் நிற்கும் இரண்டு மீன் ஒன்றாகத் தெரியும். 0.1 மில்லிநொடி என்றால் 7.5 சென்டிமீட்டர். பகலில் கூட்டமாக நிற்கும் மீன் இரவில் கலைந்து பரவும் என்பதால் இருட்டிய பிறகு ஓட்டுவதே வழக்கம். சாத்தனூர் நீர்த்தேக்கத்தில் முதலை உண்டு. இரவில் ஓரத்தில் இறங்கி நின்று படகு தள்ளுவது, வலை அவிழ்ப்பது போன்ற வேலைகளை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

பரிசலில் கருவி கட்டாதீர்கள். பரிசல் சுழலும், ஓட்டக்கோடு நேராக வராது. ஃபைபர் படகில், புரொப்பெல்லருக்கு முன்னால், பக்கவாட்டுக் கம்பியில் கட்டி மணிக்கு 5 கிலோமீட்டர் அளவில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் டிரான்ஸ்டியூசரின் முகத்தில் குமிழ் ஓடும்.

குமிழைப் பற்றி இன்னொன்று. வண்டலில் அழுகும் செடிகொடி மீத்தேனை விடும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அது சரம் சரமாக எழும்பும். கருவிக்குக் காற்றுப்பையும் காற்றுக்குமிழும் ஒன்றுதான். இன்ஜினை அணைத்து ஒரு நிமிடம் சும்மா நின்று பார்த்தால் வேறுபாடு தெரியும்: மீனின் தடம் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் நீளும், குமிழின் தடம் நொடிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரே சாய்வாக மேலேறும். ஓடிக்கொண்டே பதிவு செய்தால் இரண்டும் புள்ளிதான். நீருக்குள் நிற்கும் கருவேல மரக்கட்டைகளும் இப்படித்தான் ஏமாற்றும், ஆனால் அவை தரைக்கோட்டோடு ஒட்டியிருப்பதால் கழிப்பது எளிது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கிடைப்பது எதிரொலி. அதை மீன் எடையாக மாற்றும் இடத்தில்தான் பெரிய ஓட்டை. மீனின் நீளத்தை எதிரொலியின் அளவோடு இணைக்கப் பொதுவாகக் கையாளும் லவ் சமன்பாட்டின்படி 120 கிலோஹெர்ட்ஸில் 30 சென்டிமீட்டர் மீன் சுமார் −36 டெசிபெல், 10 சென்டிமீட்டர் மீன் −45 டெசிபெல். அதாவது ஒரு பெரிய மீனின் ஒலி, எட்டுக் குஞ்சுகளின் ஒலிக்குச் சமம். எடையிலோ ஒரு பெரிய மீன் 27 குஞ்சுக்குச் சமம், எடை நீளத்தின் கனத்தில் ஏறுவதால். மீன்கள் நெருங்கி நின்று தனித்தனியாகப் பிரிக்க முடியாதபோது, எட்டுக் குஞ்சை ஒரு பெரிய மீன் என்று எடுத்துக்கொண்டால் ஏரியில் இருப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல் டன் காட்டும். ஏலத்தொகையை அந்த எண்ணை நம்பிக் கேட்டவர் கதி என்ன? ஆகவே கருவி ஓட்டிய அதே வாரத்தில், அதே ஆழங்களில் வலை போட்டு நீளம் அளக்காத ஆய்வை ஆய்வு என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைகளில் சில பத்தாயிரத்துக்குக் கிடைக்கும் தூண்டில்காரர்களின் மீன் காட்டும் கருவி வேறு ஜாதி. திரையில் மீன் படம் போடும், எண்ணிக்கை தராது. அளவுத்திருத்தமும் செய்ய இயலாது. ஆழ வரைபடம் போடவும், மரக்கட்டை எங்கே என்று பார்த்து வலையைக் காப்பாற்றவும் அது அருமையான பொருள். அந்த வேலைக்கு மட்டும் வாங்குங்கள். எண்ணக்கூடிய அறிவியல் கருவி பல பத்து லட்சம் ஆகும். ஒரு சங்கம் வாங்கக் கூடியது அல்ல, நிறுவனத்திடமிருந்து ஆளோடு வரவழைக்கக் கூடியது.

வலையில் மூன்று வழி

வலை என்றால் ஏதோ ஒரு வலையைப் போட்டு எண்ணுவது அல்ல. மூன்று தனித்தனி முறைகள், மூன்றும் சொல்லும் செய்தியும் வேறு.

செவுள் வலை ஒப்பீட்டு எண்ணைத் தரும். ரங்கூன் வலை, உடுவலை என்று நீர்த்தேக்க மீனவர்கள் போடுவதும் இதே குடும்பம்தான், ஆனால் சந்தைக்கு ஏற்ற ஒன்றிரண்டு கண்ணியளவில் மட்டும் இருக்கும். ஒரு கண்ணி, தனக்கு மிகப் பொருத்தமான நீளத்துக்கு மேலும் கீழும் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும் மீனைத்தான் நன்றாகப் பிடிக்கும். பெரிய கண்ணி மட்டும் போட்டுவிட்டு “குஞ்சே பிடிக்கவில்லை” என்று எழுதுவதில் பொருளில்லை. ஐரோப்பிய ஏரி ஆய்வுத் தரத்தில் ஒரு வலை 30 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம், அதில் தலா 2.5 மீட்டருக்கு 12 துண்டுகள். கண்ணி முடிச்சுக்கு முடிச்சு 5 மில்லிமீட்டரில் தொடங்கி, ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் 1.25 மடங்காக, 55 மில்லிமீட்டர் வரை போகும். நம் ஏரிக் கட்லாவுக்கு 55 போதாது. 70, 90 மில்லிமீட்டர்த் துண்டுகளைத் தனியாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். வலை வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் அளவு நீட்டிப் பிடித்த கண்ணியா, முடிச்சுக்கு முடிச்சா என்று கேட்டு, அளவுகோல் வைத்தே பாருங்கள். நீட்டிப் பிடித்தால் இரட்டிப்பு. இந்தக் குழப்பத்தில் மொத்த வலையும் வீணாவது சாதாரணம்.

குளிர்நாட்டில் இரவு முழுதும் 12 மணி நேரம் விடுகிறார்கள். நம் ஊர் வெதுவெதுப்பான நீரில் அப்படி விட்டால் விடியும்போது பாதி மீன் ஊறிப்போயிருக்கும், நண்டும் ஆமையும் மீதியைக் குதறியிருக்கும். மாலை 5 மணிக்குப் போட்டு 8 மணிக்குத் தூக்குவது, விடியலுக்கு முன் இன்னொரு 3 மணி நேரம் போடுவது என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் என்பதைவிட எல்லா ஆண்டும் அதே நேரம் என்பதுதான் கணக்கைக் காப்பாற்றும். ஒவ்வொரு ஆழ மண்டலத்துக்கும் எட்டு வலையாவது போடாமல் சராசரி எடுப்பது ஏமாற்று வேலை. ஜிலேபி முதுகு முள்ளால் எந்தக் கண்ணியிலும் சிக்கும், வழுவழுப்பான விரால் நழுவும். ஆகவே ஜிலேபி 40, விரால் 2 கிடைத்தால் ஏரியில் 20க்கு 1 என்று அர்த்தமில்லை. போன ஆண்டு விராலோடு இந்த ஆண்டு விராலை ஒப்பிடலாம், அவ்வளவே.

இதில் ஒரு பொறி உண்டு. நீர்மட்டம் இறங்கினால் அதே மீன் குறைந்த நீரில் நெருங்கும், வலையில் அதிகம் விழும். மீன் பெருகிவிட்டது போலத் தோன்றும். மதகருகே இருக்கும் அளவுக்கல்லின் எண்ணைக் குறிக்காத வலைக்கணக்கு எதற்கும் உதவாது.

இழுவலை பரப்புக்கான எண்ணைத் தரும். கடல் மடியின் ஏரி உறவு இதுதான். 100 மீட்டர் இழுவலையை அரைவட்டமாக விட்டுக் கரைக்கு இழுத்தால் வளைத்த பரப்பு 1,590 சதுர மீட்டர், ஏறக்குறைய 0.16 ஹெக்டேர். மடியில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: எவ்வளவு தப்பியது என்பதையும் அளக்கலாம். வெளியே இன்னொரு வலையால் அடைத்துவிட்டு உள்ளே இரண்டு முறை இழுங்கள். முதல் இழுப்பில் 60, இரண்டாவதில் 24 என்றால், முதல் எண்ணின் வர்க்கத்தை இரண்டின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 3,600ஐ 36ஆல் வகுத்தால் 100. அடைத்த இடத்தில் இருந்தது 100, ஓர் இழுப்பு பிடிப்பது 60 விழுக்காடு. இரண்டாம் இழுப்பிலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை வந்தால் கணக்குப் போடாதீர்கள். அடிக்கயிறு எங்கேயோ தூக்கிக்கொண்டிருக்கிறது, மீன் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஈயக்குண்டு கல்லில் ஏறினாலும் மிர்கால் சேற்றில் அழுந்திக்கொண்டாலும் இதே நிலைதான். வெள்ளிக்கெண்டை மிதப்புக்கு மேலே எகிறிக் குதித்துப் போகும். மேல்கயிற்றை நீருக்கு மேல் அரை மீட்டர் தூக்கிப் பிடிக்க ஆட்களை நிறுத்துவதைத் தவிர அதற்கு வழியில்லை. கருவேல மரம் நிற்கும் ஏரிப்பகுதியில் இழுவலை பேச்சே வேண்டாம், கிழிந்துதான் வரும்.

குறியிட்டு மீண்டும் பிடிப்பது மொத்த எண்ணைத் தரும். இழுவலையிலோ வீச்சுவலையிலோ பிடித்த மீனின் இடது வயிற்றுத்துடுப்பை வெட்டி விடுகிறோம். செவுள் வலை மீன் இதற்கு ஆகாது, செதில் உரிந்து ஓரிரு நாளில் செத்துப்போகும். காலை 9 மணிக்குள் வேலையை முடித்து, ஹாப்பா வலையில் (நீருக்குள் கட்டிய வலைத்தொட்டி) இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்து, தெம்பாக நீந்துவதை மட்டும் விட வேண்டும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பிடிக்க வேண்டும். 400 மீனுக்குக் குறி, மறுபிடிப்பு 600, அதில் குறியோடு 24 என்று வையுங்கள். 401ஐ 601ஆல் பெருக்கி 25ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் 9,639 மீன். தடுமாற்றம் கிட்டத்தட்ட 3,500 மேலோ கீழோ. குறிமீன் 24க்குப் பதிலாக 6 மட்டும் திரும்பியிருந்தால் கணக்கு 34,428 என்று தாவும், அந்த எண்ணை யாரும் நம்ப முடியாது. குறிமீன் 20க்குக் கீழே வந்தால் மறுபடி பிடியுங்கள்.

இந்த முறையின் அழகு, இரண்டாம் பிடிப்புக்குத் தனிச் செலவில்லை என்பதில் இருக்கிறது. அறுவடைப் பிடிப்பே இரண்டாம் மாதிரி. 5 லட்சம் மீன் உள்ள பெரிய ஏரியிலும் 2,000 மீனுக்குக் குறியிட்டு, அறுவடையில் 5,000 மீனைப் பார்த்தால் 20 குறிமீனை எதிர்பார்க்கலாம். ஒரு நிபந்தனைதான் கறாரானது: இரண்டு பிடிப்புக்கும் நடுவில் ஏரி கோடி போகக் கூடாது, அதாவது நிரம்பி வழியக் கூடாது. கடைவாசல் வழியாக மீன் வெளியேறினாலோ வரத்துக் கால்வாயில் புதிதாக வந்தாலோ கணக்கு உடைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரைதான் இதற்கான காலம்.

எந்த நீருக்கு எது

சாத்தனூருக்கு எதிரொலிக் கருவியும் செவுள் வலையும் சேர்ந்து வேண்டும், ஒன்று மட்டும் போதாது. நீர் நிறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரியில் இரவில் கருவி ஓட்டி, அதே வாரத்தில் மேல்நீர், நடுநீர், அடிநீர் மூன்றிலும் வலை போடுங்கள். ஆழம் குறைந்த வால்பகுதியைக் கருவிக் கணக்கில் சேர்க்காமல் இழுவலைக்கு விட்டுவிடுங்கள்.

காவேரிப்பாக்கத்தில் கருவிக்குச் செலவு செய்வது வீண். அங்கே குறியிடலும், வெட்டவெளியான ஓரங்களில் இழுவலையும், ஆண்டுதோறும் ஒரே அளவுக்கல் எண்ணில் செவுள் வலையும் போதும். இவற்றுக்கு எட்டுப் பத்து ஆட்களும் இரண்டு வாரமும் ஆகும். கருவிக்குப் படகில் மூன்று பேரும் இரண்டு இரவும் போதும் என்பது உண்மைதான், ஆனால் பதிவைப் பிரித்துச் சுத்தம் செய்ய அனுபவசாலி ஒருவர் ஒரு வாரமாவது உட்கார வேண்டும் என்பதை விலைப்புள்ளியில் யாரும் எழுதுவதில்லை.

மோர்தானா நடுவில் நிற்கிறது. 11.5 மீட்டர் உயர அணை, 261 மில்லியன் கனஅடி கொள்ளளவு. அணையருகே ஆழம் கருவிக்குக் கட்டுப்படியாகும், ஆனால் நீர்நிலையே சிறியது. இந்த அளவு நீருக்குக் குறியிடலே முழு விடை தரும்போது கருவியை வரவழைப்பது ஆசைக்குச் செய்வதுதான். கவுண்டன்யாவில் வெள்ளம் வந்து அணை நிரம்பி வழிந்த ஆண்டில், வழிதல் நின்ற பிறகே தொடங்க வேண்டும்.

ஏலத்துக்கு முந்தைய அவசரத்தில் எதற்கும் நேரமில்லை என்றால், பிடிப்புப் பதிவேடு இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் எத்தனை வலை, எத்தனை மணி நேரம், இனவாரியாக எத்தனை கிலோ என்ற மூன்றும் இருந்தால், பருவத்தின் தொடக்கத்தில் ஒரு வலைக்குக் கிடைத்த கிலோ போகப் போக எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதிலிருந்தே இருப்பை ஓரளவு கணிக்கலாம். மொத்தக் கிலோ மட்டும் எழுதிய பதிவேட்டில் இதைச் செய்ய முடியாது. எத்தனை வலை என்ற பத்தி விடுபட்டிருந்தால் இந்தப் பருவத்திலிருந்தாவது சேர்த்துவிடுங்கள்.

வெளியாளை அமர்த்தி எதிரொலி ஆய்வு செய்தால் பணம் முழுதும் கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: திருத்தாத மூலப் பதிவுக் கோப்பு, குண்டு வைத்து அளவுத்திருத்தம் செய்த நாளின் கோப்பு, வலையில் அளந்த மீன்களின் நீளப்பட்டியல். வண்ணத்தில் அச்சிட்ட படங்களை மட்டும் நீட்டினால் மீதிப் பணத்தை நிறுத்திவையுங்கள்.